எர்த் கிளிப்பில் ஓர் எலுமிச்சம்பழம்

எங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்கு மெட்டாலிக் பெயின்ட் அடிக்க இன்று ஒரத்தநாட்டுப் பட்டறைக்குப் போனேன். புது ஸ்பிரே மெஷின். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல, மின்னேற்றிய பெயின்டை இரும்பு இழுத்துக்கொள்ளும்.

பெயின்டர் சேகர் கேட்டைத் தொட்டதும் கையை உதறினார். "சுள்ளுன்னு அடிக்குது சார். தெனம் இப்படித்தான்."

கேட்டில் ஏறும் மின்சாரத்தைத் தரையில் இறக்கும் எர்த் கிளிப்பைத் தேடினேன். அது வாசலில் திருஷ்டி எலுமிச்சம்பழத்தைக் கவ்விக்கொண்டிருந்தது!

"எடுக்காதீங்க சார், வெள்ளிக்கிழமை" என்றார் முதலாளி.

கேட்டுக்குப் பக்கத்திலேயே, பெயின்டைக் கரைக்கும் தின்னர் டின் திறந்திருந்தது. தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

"சேகர் எரிஞ்சு போனா பழமாங்க வந்து அணைக்கும்?" என்று கத்திவிட்டு, கிளிப்பைப் பிடுங்கிக் கேட்டில் மாட்டினேன்.

பழத்தைக் கட்டச் சணல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பட்டறையில் கிளிப் எதைக் கவ்வியிருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள்.