ஹெஸ்கேல் எழுந்திருக்கக் கூடாது

ராமத் கான் நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றே தலை நரைத்தவர் எங்கள் எதிர்வீட்டு ஹெஸ்கேல். பக்தாதிலிருந்து வந்த குடும்பம். வந்தவரை எழுந்து வரவேற்று, போகும்போது வாசல் வரை போய் அனுப்பி வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பக்கவாதம் வந்து வலக்கை விழுந்த பிறகும் இந்தப் பிடிவாதம் மட்டும் விழவில்லை.

அதனால் வந்த வினைதான் இது. தன் வேலையைத் தானே செய்ய முடியாத வயதானவர்கள் மனு போட்டால் அரசாங்கச் செலவில் ஆள் அனுப்புவார்கள். முதலில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்து பார்ப்பாள். அப்படி வந்தவளைக் கண்டதும் இந்த மனிதர் மேசையைப் பிடித்து எழுந்துவிட்டார். அவள் கிளம்பியபோது சுவரைத் தடவியபடி லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டார். அப்புறம் படுக்கையில் விழுந்தவர் அந்த வாரம் முழுக்க எழவில்லை. மனு தள்ளுபடி.

அவரைத் தூக்கித் தூக்கி மனைவி நஜிபாவின் முதுகு போய்விட்டது. இனி தூக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். ஆள் கிடைக்காவிட்டால் அவரை முதியோர் இல்லத்தில்தான் விட வேண்டும்.

மறுபடி மனு போட்டதில் லாரிஸா என்ற இன்னொரு நர்ஸ் வருவதாகத் தகவல் வந்தது. நானே போய் மிரட்டினேன். மூத்த மகன் ஏலியின் அப்பா என்ற அர்த்தத்தில் ‘அபு ஏலி’ என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

“அபு ஏலி, இந்தத் தடவை எழுந்தீங்க, நானே கட்டிப் போட்டுடுவேன்.”

“விருந்தாளி நிக்கிறப்ப நான் உக்காந்திருக்கணுமா? என்னை மாடுன்னு நெனைப்பா.”

“நெனைக்கட்டும். மாட்டுக்காவது ஆள் குடுப்பாங்க.”

லாரிஸா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் எழவில்லை. ஆனால் நஜிபா காலையிலேயே அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சட்டை யார் போட்டு விட்டாங்க?” என்றாள் லாரிஸா.

“நான்தான்,” என்றார் ஹெஸ்கேல்.

“குளிச்சது?”

“அதுவும் நானேதான். பின்னே, ஊரா வந்து குளிப்பாட்டும்?”

பேரீச்சம்பழ பிஸ்கட் தட்டோடு நின்ற நஜிபா ஆமாம் என்று தலையாட்டுகிறாள்! புருஷன் மானம் போகக் கூடாதாம்.

“அப்ப பட்டனைக் கழட்டிப் போட்டுக் காட்டுங்க.”

“மூணு பொம்பளைங்க முன்னாடியா? கல்யாணமான ஆளும்மா நான்.”

லாரிஸா சிரித்தாள். ஆனால் விடவில்லை.

இடக்கையால் மேல் பட்டனைப் பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடியும் நழுவியது. பார்க்கப் பொறுக்காமல் நஜிபா தட்டை வைக்கக் குனிந்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்று முனகினாள். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

“எழுதிக்கோம்மா,” என்றார். “சட்டை, குளியல், கக்கூஸ், எல்லாம் இவதான். நான் சொன்னது பொய்.”

“ஐயோ, அதையெல்லாம் ஏன் சொல்றே?” என்றாள் நஜிபா.

“நீயும் படுத்துட்டா எனக்கு வேற யாரு இருக்கா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. லாரிஸா எழுதி முடித்து, பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விருந்தாளி அந்த வாசலைத் தனியாகத் தாண்டிப் போனாள். ஹெஸ்கேல் நஜிபாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார்.