கிழக்கே சாய்ந்த பானை

புத்தாண்டுக்குத் தனியாகப் பொங்கப் போய்ப் பாலை அடுப்பில் வழியவிட்ட கெட்டிக்காரன் நான். அந்தத் தீய்ந்த வாசம் என்னை, கீரிமலையில் இன்று பற்றைக்காடு மூடிக் கிடக்கும் எங்கள் முற்றத்துக்குக் கொண்டுபோனது. பால் கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது நடக்கும் என்பார்கள். அண்ணை வீட்டைவிட்டுப் போய் ஒரு சேதியும் வராத அந்த வருடம், பானை கிழக்கே சாயும்படி அம்மா அதன் மேற்குப் பக்கத்தில் ஓட்டுத்துண்டொன்றைச் செருகினார்.

“சூரியனையே பேய்க்காட்டி ஏமாத்துறீர், என்ன?” என்று ஐயா சிரித்தார்.

“சும்மா இருங்கோ. பிள்ளை வரவேணும்” என்றார் அம்மா.

அண்ணையின் பங்குப் பொங்கல் புக்கையும் எனக்கே கிடைக்குமா என்று நாக்கைத் தொங்கப்போட்டு நின்ற மகான் நான்.

பால் கிழக்கே பொங்கி வழிந்தது. முதலில் வாசல் படலையை எட்டிப் பார்த்தவர் ஐயாதான்.