மாலை போட்ட படம்

எங்கள் குரோம்பேட்டையில் பழைய விளையாட்டு வீரர்களைக் கௌரவிக்க ஒரு படச்சுவர் திறந்தார்கள். கபடிக்கு என் படம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால், யாரோ ஆர்வக்கோளாறில் என் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தார்கள். உயிரோடு இருப்பவள் படத்துக்கு!

அதன் முன்னால் நின்று ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். படப்பை அணியின் கேப்டன் மும்தாஜ். அந்தக் காலத்தில் எனக்குப் பரம எதிரி.

"போய்ட்டியேடி. ஒரு தடவகூட உன்ன என்னால புடிக்க முடியலியே" என்று படத்திடம் புலம்பினாள்.

எனக்கு முழங்கால் வலியே மறந்துபோனது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போய், அவள் காதருகே மூச்சு விடாமல் பாடினேன்.

"கபடி கபடி கபடி கபடி..."

சட்டென்று திரும்பினாள். பேயைப் பார்த்ததுபோல் ஒரு நொடி விழித்தாள். அடுத்த நொடி பாய்ந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கூட்டம் முழுக்க விசில்.

"இப்ப இன்னாடி பண்ணுவ?" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

அவளுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பிடித்த பிடியை அவள் விடவே இல்லை. கோட்டுக்குத் திரும்ப எனக்கும் தோன்றவில்லை.