அவள் மேசைக்கு மட்டும்

செருப்புப் பட்டறையில் அவரைப் பக்குவம் என்றுதான் கூப்பிடுவார்கள். அடித்தோலை மேல்தோலோடு ஒட்டும் பசையைத் தின்னர் ஊற்றி இளக்குவது அவர் வேலை. குச்சியால் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலாக இறங்குகிறதா என்று பார்ப்பார். வேறு எதிலும் அவருக்கு அவ்வளவு நிச்சயம் கிடையாது. வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அவளும் அதே கூடத்தில் பசை பூசுகிறவள். அவள் மேசை, பசை பூசிய தோலை உலர்த்தும் சூட்டுப்பெட்டியை ஒட்டி இருந்தது. சூட்டில் பசை சட்டென்று ஆடை கட்டிவிடும்; ஒட்டினது பிய்ந்துகொண்டு வரும். மேஸ்திரி எல்லார் முன்னாலும் அவளைக் காய்ச்சி எடுப்பார். ஒருநாள் அவள் மூலையில் நின்று கண்ணைத் துடைப்பதை இவர் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து சாயம் தெளிக்கும் பிரிவில் இன்னொரு திரவத்தைக் கேட்டு வாங்கி, அவள் டப்பாவில் மட்டும் கலந்தார். பசை நிதானமாகக் காய்ந்தது. வாசனைகூடச் சற்று இனிப்பாக இருந்தது.

"பொண்டாட்டிக்கு மட்டும் சென்ட் போட்டுக் குடுக்கறாரு பாரு!" என்றாள் அடுத்த மேசைக்காரி. "அண்ணே, எனக்கும் ரெண்டு சொட்டு விடுங்களேன்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேளு."

கூடமே சிரித்தது. மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

ஒரு வருஷம் கழித்து அவள் காலிலிருந்து செருப்பு கழன்று விழ ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருப்பாள், ஒன்று பின்னால் கிடக்கும். தெரியாது. "செருப்புக் கம்பெனிக்காரி வெறுங்காலோட போறா" என்று அவளே கேலி பேசினாள். பிறகு மாடிப்படியில் விழுந்தாள்.

டாக்டரம்மா ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் அவள் "ஆங்" என்றாள்.

"அந்தக் கூடத்துல எல்லாரும் ஒரே தின்னர்தானே? இவங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் டப்பாவில் கலந்ததைச் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "முதல் தின்னரை உடம்பு மாத்தி வெளியே தள்ளப் பாக்கும். மாத்தும்போதுதான் அது நரம்பைத் தின்னுற விஷமாகுது. நீங்க கலந்தது தனியா இருந்தா நரம்பை இப்படிப் பண்ணாது. ஆனா ரெண்டும் சேர்ந்து மூச்சுல போனா, அந்த விஷம் உடம்புல அதிகமா நிக்கும்."

"ஆபீசருங்க வந்து கூடத்துக் காத்தை அளந்தாங்கம்மா. ரெண்டும் அளவுக்குள்ளதான்னு சொன்னாங்க."

"தனித்தனியா அளந்திருப்பாங்க. உடம்பு தனித்தனியா வாங்கலையே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இனிமே அந்தக் கூடத்துக்கே போகக்கூடாது. பக்கத்து மேசைக்காரங்களையும் வரச் சொல்லுங்க."

"நின்னுட்டா சரியாயிடுமாம்மா?"

"நின்ன பிறகும் இந்த மரத்துப்போறது சில மாசம் மேல ஏறும். அப்புறம்தான் இறங்கும். எவ்வளவு இறங்கும்னு இப்ப சொல்ல முடியாது."

பேருந்தில், இறங்கும் இடம் நெருங்கும்போது அவள்தான் பேசினாள்.

"ஒரு வருஷம் மேஸ்திரி என்னை ஒரு வார்த்தை திட்டலைங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளே சாயப் பிரிவுத் திரவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த மேசைக்காரியை டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அவள் இப்போது கேலி பேசுவதில்லை. பசையைக் குச்சியால் தூக்கிப் பார்க்கும்போது அவருக்கு இறங்குவது நூலா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. மேஸ்திரி அவரைப் பெட்டி அடுக்கப் போட்டார்.

டாக்டரம்மா சொன்னபடியே ஏறியது. வீட்டோடு இருந்தவளுக்குக் கையிலும் வந்தது. ரவிக்கைக் கொக்கி போட வரவில்லை; அவர் போட்டுவிட்டார். டம்ளர் நழுவியது; பிளாஸ்டிக் டம்ளர் வாங்கினார்.

இன்று மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறங்க ஆரம்பித்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அவர் வாசலில் குந்தி, அவள் காலில் செருப்பை மாட்டி, கழன்றுவிடாமலிருக்க வாரை இழுத்து முடிந்தார். அவள் சுவரைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போட்டாச்சா?" என்றாள்.

"ம்" என்றார். அவர் கை இன்னும் அவள் பாதத்தின் மேல்தான் இருந்தது.