காரணம் என்ற கட்டம்

கொழும்பில் மென்பொருள் வேலை செய்து ஓய்வுபெற்று, எங்கள் ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பி வந்த பிறகு நான் எழுதிய முதல் செயலி எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கானது. படகு கடலுக்குப் போகும்போது ஒரு பொத்தான், திரும்பியதும் இன்னொரு பொத்தான். எந்தப் படகு வெளியே நிற்கிறது, எது கரையேறிவிட்டது என்று சங்கத்தின் அலுவலகமான கந்தோரில் உள்ள திரையில் தெரியும். பொழுதுபட்டும் வெளியே நிற்கிற படகைத் தேடிப் போவார்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு வந்து ஒதுங்கும்போது அதிலிருப்பவர்களின் கை ஈரமாக, செதில் ஒட்டியபடி இருக்கும். கைபேசியைத் தொட முடியாது. அதனால் கரையில் நிற்கிற எவராவது, படகின் முன்பக்கம் எழுதியிருக்கிற இலக்கத்தைப் பார்த்து அவர்களுக்காக அழுத்திவிடுவார். அந்த வழக்கத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று படகு இலக்கத்தையே கடவுச்சொல்லாகவும் வைத்தேன். ஊர் முழுக்கப் பார்க்கும்படி பெயின்ற் அடித்து எழுதிய இலக்கம். அது பிழை என்று எனக்குத் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் இளம் ஆட்கள் இப்படிச் செய்தால் கூப்பிட்டு ஏசியிருக்கிறேன். செயலியை எல்லோரும் உடனே பாவிக்கவேண்டும், என்னைப் பற்றி நாலு பேர் நல்லதாகக் கதைக்கவேண்டும் என்ற ஆசையில் தெரிந்தே செய்தேன். பிறகு மனம் உறுத்தவே, சங்கத்தின் கைபேசிக் குழுவில் ‘கடவுச்சொல்லை மாற்றினால் நல்லது’ என்று ஒரு வரி போட்டேன். தேவாலய நவநாள் வழிபாட்டு அறிவித்தலுக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில் அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் திரும்பச் சொல்லவில்லை.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய ஒரு பின்னேரம், கரையில் நின்ற ஒருவர் வந்துகொண்டிருந்த படகின் இலக்கத்தை மங்கிய வெளிச்சத்தில் தவறாக வாசித்து அழுத்திவிட்டார். அவர் அழுத்தியது வேறொரு படகின் இலக்கம். அந்தப் படகு அந்த நேரம் எஞ்சின் நின்று, காற்றோடு அள்ளுண்டு போய்க்கொண்டிருந்தது. திரையில் அது பச்சையாகிக் கரையேறிவிட்டது. வந்த படகின் ஆட்கள் பிறகு தங்கள் இலக்கத்தைத் தாங்களே அழுத்திக்கொண்டதால் பிழை வெளியே தெரியவில்லை.

படகுக்காரரின் மனைவி கந்தோருக்கு ஓடிவந்தார். சங்கச் செயலாளரும் நானும் இருந்தோம்.

“இவர் இன்னும் வரேல்லை. ஆக்களை விட்டுத் தேடுங்கோ.”

செயலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். “வந்திட்டார் அக்கா. இஞ்ச பாருங்கோ, பச்சையாக் கிடக்குது. தவறணைப் பக்கம் போய்ப் பாருங்கோ.”

“அவர் குடிய விட்டது உமக்கு மீசை முளைக்க முந்தி. பச்சையாக் கிடக்கிறது இருக்கட்டும், படகு எங்க கிடக்குது?”

“வேற துறையில ஒதுக்கியிருப்பார்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் படித்தவன், செயலியை எழுதியவன். “கணினி பிழை சொல்லாது, பிள்ளை,” என்றேன்.

மறுநாள் மதியம் விடத்தல்தீவு ஊர்ப் படகொன்று படகுக்காரரின் படகைக் கட்டி இழுத்து வந்தது. அவருக்கு உதடு வெடித்திருந்தது, பேச்சு வரவில்லை, உயிர் இருந்தது. உடம்பு தேறியதும் செயலியில் பதியாமலே கடலுக்குப் போகத் தொடங்கினார்.

அவர் மனைவி என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. “இனி அதில பதிய மாட்டாராம், சேர். பதியாமல் போனா, அடுத்த முறை இவரை ஆர் தேடுறது? அதை மட்டும் சொல்லுங்கோ.”

அன்றே வேலையைத் தொடங்கினேன்.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் குழுவில் போட்ட அந்த ஒரு வரி என்னைச் சும்மா விடவில்லை. ஒரு குறையை நான் கண்டிருந்தேன், அது குறையாக எங்கும் நிற்கவில்லை. ஆகவே பாதுகாப்புக் குறைகளைப் பதிவதற்கென்றே ஒரு நிரல் எழுதினேன். குறை என்ன, செயலியின் எந்த வரியில் இருக்கிறது, அதைத் திரும்ப நிகழ்த்திக் காட்டுவது எப்படி, யாருக்குக் கேடு, எவ்வளவு கடுமை, காரணம், திருத்தம், இப்போதைய நிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் பதிவு உருவாகாது. கடுமையைச் சொல்ல முன்கூட்டியே வகுத்த சில சொற்கள் மட்டும். ‘மாற்றினால் நல்லது’ என்று வழுக்கிப்போக வழி வைக்கவில்லை. திருத்தி முடியும்வரை அந்தப் பதிவு கந்தோர்த் திரையின் மேலே சிவப்பாக நிற்கும்.

முதல் பதிவை நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘பாவனையாளர்கள் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லைப் பாவித்தனர்’ என்று எழுதினேன். நிரல் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

வாசித்துப் பார்த்தேன். பச்சைப் பொய். அவர்கள் எதையும் தெரிவுசெய்யவில்லை, நான் கொடுத்ததைப் பாவித்தார்கள். எல்லாக் கட்டமும் நிரம்பிய ஒழுங்கான பதிவுக்குள்ளேயே நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டு மூன்றாக்கினேன்: எந்த முடிவால் வந்தது, யார் எடுத்த முடிவு, எடுக்கும்போது அவருக்குத் தெரியுமா. கடைசிக் கட்டம் ஆம் அல்லது இல்லை என்பதைத் தவிர வேறெதையும் ஏற்காது. என் பெயரை எழுதி ‘ஆம்’ போட்டேன். இன்னொரு விதியும் சேர்த்தேன்: திருத்தியவர் பதிவை மூட முடியாது. கேட்டுக்கு ஆளானவர் தானே சோதித்துப் பார்த்து மூடவேண்டும்.

பிறகு செயலியைத் திருத்தினேன். ஒவ்வொரு படகும் கரையில் தனக்காக அழுத்துகிற ஒருவரைத் தெரிவுசெய்யும். அவருக்கென்று ஓர் இரகசிய எண். யார் அழுத்தினார் என்பதும் திரையில் தெரியும்.

செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். “சேர், வியாழக்கிழமை கொழும்பில இருந்து அதிகாரிமார் வருகினம். அந்தச் சிவப்பை மூடிவிடுங்கோ.”

“என்னால ஏலாது. நிரல் விடாது.”

“நிரலை எழுதினதே நீங்கள்தானே?”

“ஓம். என்னை மறிக்கத்தான் எழுதினனான்.”

நினைத்திருந்தால் ஒரே கட்டளையில் மூடியிருப்பேன். கை விசைப்பலகைவரை போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அந்தப் பெண்ணைக் கந்தோருக்கு வரச்சொல்லி, செயலாளருக்கு முன்னால் பதிவை முழுவதும் வாசித்தேன்.

“உங்களுக்கு முந்தியே தெரியுமோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அண்டைக்கு இதே இடத்தில நிண்டு, கணினி பிழை சொல்லாது எண்டு சொல்லேக்கையும் தெரியுமோ?”

“ஓம், பிள்ளை.”

“அப்ப அதையும் எழுதுங்கோ.”

அவர் கண்முன்னாலேயே எழுதினேன். பிறகு என் கைபேசியில் அவருடைய படகு இலக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன், செயலி மறுத்தது. செயலாளரும் முயன்றார், மறுத்தது.

“சரிதானே அக்கா, மூடுங்கோவன்,” என்றார் செயலாளர்.

“நான் மூடமாட்டன். கொஞ்ச நாள் பாத்துத்தான். ஆனா நாளைக்கு இவரைப் பதியிறன்.”

அடுத்த நாள் விடிய நானும் கரைக்குப் போனேன். படகுக்காரர் எஞ்சினை இழுத்தபடி முணுமுணுத்தார். “உனக்கும் சேருக்கும் வேற வேலையில்லை.”

“நீங்கள் போங்கோ. நான் அழுத்துறன்,” என்றார் மனைவி. அழுத்திவிட்டு, படகு கண்ணுக்கு மறையும்வரை நின்றார்.

காலையில் வந்த அதிகாரிகளில் ஒருவர் சிவப்பு வரியைக் கண்டு, இது யாருடைய பெயர் என்று கேட்டார். என்னுடையது என்றேன். செயலாளர் நிலத்தைப் பார்த்தார்.

பின்னேரம் படகு ஒதுங்கியது. படகுக்காரர் மணலில் கால் வைத்த பிறகுதான் அந்தப் பெண் பொத்தானை அழுத்தினார். கந்தோரில் அந்தப் படகு பச்சையாகியது. மேலே என் பெயரோடு சிவப்பு அப்படியே நின்றது. அவர் மூடும்வரை நிற்கட்டும் என்று விட்டேன்.