பட்டியலில் இல்லாத கக்கூஸ்

அறுபதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையலில் நீளும் நூல் பிசிர் வெட்டும் வேலையில் இருந்தேன். பெண்கள் பதினோரு பேர். ஆண்கள் சுவரோரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். எங்களுக்கு அதுவும் கிடையாது. காலையில் உள்ளே போனால் பொழுது சாய்கிறவரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்தே யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

சட்டசபைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் கம்பெனி வாசலில் கும்பிட்டு நின்றபோது நான்தான் கேட்டேன். "ஏனுங்க, பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கட்டோணும்னு சட்டம் போடுவீங்களா?"

சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சபை கூடுன மொத வாரத்துலயே பேசறேனுங்கம்மா" என்றார். அதை நம்பி பதினோரு பேரும் அவருக்கே போட்டோம். ஜெயித்தார்.

சபை கூடிய அன்று பேப்பர் வாங்கி வந்தேன். புது அரசு முதல் நாட்களிலேயே செய்யப்போகிறவற்றைப் பக்கம் முழுக்கப் போட்டிருந்தார்கள். அரிசி, பள்ளிக்கூடம், சாலை, பஸ், எதெதற்குப் பெயர் மாற்றுவது என்பது வரை. சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்தேன்.

"நம்முளுது வந்துருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"நாளைக்கு வரும் கண்ணு."

வாரம் முழுக்க வாசித்தேன். வரவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள். அடக்கி அடக்கி உள்ளே சீழ் பிடித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. குழந்தை குறைமாதத்தில் பிறந்து, அன்றே போய்விட்டது.

ஜெயித்துப்போன அந்த உறுப்பினர் ஊருக்கு வந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"பாவந்தானுங்க. ஆனா அதுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்குதுங்கம்மா. புதுசா என்னத்தப் பேசறது?"

"இருக்குதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே போய் மொதலாளியக் கேட்டிருப்போமுங்களே! எதுக்குங்க எங்களக் காத்துக் கெடக்கச் சொன்னீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அவள் போக மீதமிருந்த பத்துப் பெண்களும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தோம். பக்கத்திலேயே முதலாளியின் வீடு. வாசலில் வரிசையாக நின்றோம். அவர் மனைவி வெளியே வந்து திகைத்தார்.

"என்ன அம்மிணி, இத்தன பேரு?"

"கக்கூஸுக்குப் போகோணுமுங்க. கம்பெனில இல்லீங்க."

அந்த அம்மாள் பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டார். முதலாளி ஓடி வந்து கத்தினார். "அவுங்க போயிட்டு வரட்டும், நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கியதும் அந்த அம்மாள்தான்.

மூன்று நாள் அப்படியே போனோம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நான்காம் நாள் கம்பெனிக்குப் பின்னால் கொத்தனார் அஸ்திவாரம் தோண்டினார்.

கட்டி முடித்த மாதமே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதற்குக்கூட எனக்கு இத்தனை ஆத்திரமில்லை. கையில் இருந்த சட்டத்தைச் சொல்லாமல், வராத ஒன்றுக்காக எங்களை வாரம் முழுக்கப் பேப்பர் பார்க்க வைத்தார் அந்த மனிதர். அந்த நாட்களில்தான் அவள் குழந்தை போனது. இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.