எல்லாம் கையாலதான்

பேராசிரியை வீட்டுக்கு யார் போனாலும், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்துக்குள் ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் தப்ப முடியாது. "எங்க வீட்டுல எல்லாம் கையாலதான்." வாஷிங் மெஷினை அவர் யாருக்கோ தூக்கிக் கொடுத்து நான்கு வருடமாகிறது. மிக்ஸி அதற்கும் முன்பே போய்விட்டது. துணிக்குச் சோப்புத்தூள் கிடையாது, பழத்தோலை ஊறவைத்த தண்ணீர்தான். ஆற்றுக்கும் மீனுக்கும் தன்னால் கெடுதல் வரக் கூடாது என்று அவர் நிஜமாகவே கவலைப்படுகிறவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாருடைய கை என்பது மட்டும் அந்த வாக்கியத்தில் எங்கும் வராது.

அந்தக் கை அக்காவுடையது. வயது ஐம்பத்து நான்கு, இருபத்திரண்டு வருடமாக வீட்டு வேலை. தன்னைவிட ஒன்பது வயது இளையவரை 'அக்கா' என்று கூப்பிட்டு 'வாங்க, போங்க' என்று பேசுவதும் பேராசிரியையின் கொள்கைகளில் ஒன்று. தான் குடிக்கிற கோப்பையிலேயே அக்காவுக்கும் டீ கொடுப்பார். நல்ல மனுஷிதான். ஆனால் அக்கா மதியச் சாப்பாட்டை பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்த அன்று, அது மக்கிப்போக எத்தனை தலைமுறை ஆகும் என்று அரை மணி நேரம் வகுப்பே எடுத்துவிட்டார். சாப்பாடு ஆறிப்போனது. அதே கவரைக் கழுவிக் கழுவி ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன் என்று சொல்ல அக்காவுக்கு இடைவெளியே கிடைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அக்காவின் வலது மணிக்கட்டு வீங்கியது. இனிமேல் ஈரத்துணி பிழிந்தால் கை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கைதான் பிழைப்பு. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, ஒரு மெஷின் இருந்தா நல்லா இருக்கும்."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கே அக்கா. நீங்க மெதுவா செய்யுங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

மெதுவாகப் பிழிந்தாலும் பிழிவது பிழிவதுதானே. அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். "எங்க வீட்டுல வெயில் நல்லா அடிக்குதும்மா, அங்கயே துவைச்சுக் காயப்போட்டு எடுத்துட்டு வரேன்" என்று படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டிக் கொண்டுபோக ஆரம்பித்தார். அங்கே மகன் வாங்கிப்போட்ட மெஷின் இருந்தது. பூ வாசனைச் சோப்புத்தூளும் இருந்தது. மழைக்காலத்தில் என்ன வெயில் என்று பேராசிரியை கேட்கவில்லை.

ஆறு மாதம் இப்படியே ஓடியது. போன வாரம் ஒரு விடுமுறை நாளில், எளிமையாக வாழ ஆசைப்படும் ஆறு பேர் பேராசிரியையின் வீட்டைப் பார்க்க வந்தார்கள். உதவிக்கு அக்காவையும் வரச் சொல்லியிருந்தார். அலமாரியைத் திறந்து காட்டியபோது, வந்தவர்களில் ஒருவர் விரிப்பு ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"அட, பூ வாசனை வருதே. என்ன போட்டுத் துவைக்கிறீங்க?"

அக்கா பேராசிரியையின் முகத்தைப் பார்த்தார். உண்மை தெரிந்தால் வேலை போகும், மறைத்தால் பொய்க்காரி என்று பெயர். பேராசிரியை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பழத்தோல்தான்" என்றார். "எல்லாம் கையாலதான்."

வந்தவர்கள் போனதும் அக்காவால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அது பழத்தோல் இல்ல. எங்க வீட்டு மெஷின்ல போட்டது."

"தெரியும்."

"எப்பலேருந்தும்மா?"

"முதல் வாரத்துலேருந்து. எனக்கும் மூக்கு இருக்குல்ல."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

பேராசிரியை விரிப்பை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். வகுப்பெடுக்கிற குரல் எங்கோ போயிருந்தது.

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்க. சொல்லிட்டா நான் ஏதாவது செய்யணுமே அக்கா."

வீடு வந்து சேரும்வரை அக்காவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம், தெரிந்தே கண்ணை மூடிக்கொள்வது, இது என்ன பிழைப்பு என்று வழியெல்லாம் வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தார். எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "மூணு வீட்டு வேலையையும் ஒத்தக் கையா பாக்குறேன், ஒருத்தரை ஏமாத்தினதில்ல" என்று எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டு மாடியேறினார்.

மொட்டை மாடியில் மருமகள் பேராசிரியையின் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு, வாரத்தில் ஆறு நாள் நின்றே ஆகவேண்டும். இது அவளுடைய ஒரே விடுமுறை. மெஷின் கீழே இருக்கிறது, கொடி மேலே. ஈரத்துணி வாளியை இரண்டு மாடி தூக்கி வந்தவள், அதை வைத்துவிட்டு வலது தோளை அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். அக்கா இதற்கு முன்னாலும் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்த ஒவ்வொரு தடவையும் ஏதோ வேலை இருப்பதுபோல் இறங்கிப் போயிருக்கிறார்.

கேட்டால் சொல்லிவிடுவாள். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கும் ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"கை வலிக்குதாம்மா?"

மருமகள் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள்.

"கை இல்ல அத்தை, தோள்பட்டை" என்றாள். "மழைக்காலத்துலேருந்து."